ஸகியா ராத்தாவின் இடது கை

கலியாணப் பெண் குசினிக்குள் போகக் கூடாது. வெயிலில் நிற்கக் கூடாது. கேற்றைத் தாண்டி வெளியே காலெடுத்து வைக்கவே கூடாது. இவையெல்லாம் றுஸ்தா சாச்சி போட்ட சட்டங்கள். கலியாண நாள் நெருங்க நெருங்கச் சட்டங்களும் கூடிக்கொண்டே போயின.

ஆனால் இனிப்பான டின்பால் தின்னக் கூடாது என்று சாச்சி சொல்லவில்லை.

அதனால்தான் அன்று நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு, கலியாணப் பெண்ணான ஸகியா ராத்தா சத்தம் போடாமல் குசினிக்குள் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் தங்கை முஸ்பிறா வந்தாள். முஸ்பிறாவுக்குப் பதினொரு வயது. கரண்டி அவளிடம்தான் இருந்தது.

உம்மாவும் வாப்பாவும் இறக்காமத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கலியாணம் சொல்லப் போயிருந்தார்கள். சாச்சி முன்னறையில் இருந்து பலகாரப் பெட்டிகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

"டின்வெட்டி எங்க?" என்று ராத்தா மெதுவாகக் கேட்டாள்.

"பக்கத்து வீட்டாக்கள் வாங்கிட்டுப் போனாங்க. இன்னும் தரல்ல."

"அப்ப கத்தியால குத்துவம். உம்மாவும் அப்பிடித்தானே திறக்கிற."

"உம்மா குத்தக்குள்ள சத்தம் வரும் ராத்தா. சாச்சிக்குக் கேட்டுரும்."

"நான் சத்தமில்லாமக் குத்துவன்."

ராத்தா டின்னை இடது கையால் பிடித்தாள். கத்தி முனையை மூடியின் மேல் வைத்து அழுத்தினாள். மூடி ஓட்டையாகவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். கத்தி வழுக்கியது.

ராத்தா கத்தவில்லை. "ஸ்ஸ்" என்று மட்டும் சொன்னாள். டின் மேசையில் உருண்டது. இடது உள்ளங்கையில், பெருவிரல் தொடங்கும் இடத்தில் இருந்து இரத்தம் வழிந்து, மணிக்கட்டு வழியாக நிலத்தில் சொட்டியது.

"தங்கச்சி, காயத்தில வைக்கக் கோப்பித்தூள் எடு. கெதியா. சாச்சிக்குத் தெரியப்படாது."

முஸ்பிறா கோப்பித்தூள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ராத்தாவின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. பிறகு, காலையில்தான் கொடியில் இருந்து எடுத்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து காயத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இதை நல்லா அமத்திப் பிடிங்க. கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க."

"கோப்பித்தூள் எங்க புள்ள?"

"அது கோப்பிக்குத்தான்."

அந்த நேரம் பள்ளிவாசலில் ளுஹர் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது.

"நல்லதாப் போச்சு" என்றாள் முஸ்பிறா. "எங்கட பள்ளியில பாங்குக்கும், தொழுகை தொடங்கக்குள்ள சொல்ற இகாமத்துக்கும் இடையில பத்து நிமிசம் இரிக்கி. இகாமத் கேட்கிற வரைக்கும் துணியை எடுக்கப்படாது. திறந்தும் பார்க்கப்படாது."

"ஒருக்கா மட்டும் பார்த்தா என்ன?"

"பார்த்தா உறையிற ரெத்தம் திரும்பவும் ஓடும். மறுகா முதல்ல இருந்து பிடிக்கணும்."

இருவரும் குசினி நிலத்தில் இருந்தார்கள். ராத்தா கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளைப் பார்த்தால் வகுப்பில் கேள்வி கேட்க எழும்பிய பிள்ளை மாதிரி இருந்தது. முஸ்பிறாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ராத்தாவின் கண்களில் தண்ணீர் நின்றதால் சிரிக்கவில்லை.

"இண்டைக்குப் பின்னேரம் மாப்பிள்ளை வீட்டு மாமியாக்கள் மருதோண்டி வைக்க வாறாங்க" என்றாள் ராத்தா. "மாமிதான் முதல்ல என்ட கையில வைக்கப் போறாங்க. அவங்கட சொந்தமெல்லாம் வந்து நிக்கும். நான் கையில கட்டோட இருந்தா என்ன சொல்லுவாங்க? குசினிக்குள்ள பூந்து களவாத் தின்னப் போன பொண்ணு எண்டு சொல்லுவாங்க."

"உண்மைதானே."

"நீ என்ட தங்கச்சியா, மாப்பிள்ளை வீட்டு ஆளா?"

முஸ்பிறா ராத்தாவின் விரலைப் பார்த்தாள். அந்த இடது கையில்தான் மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரம் இருந்தது.

"ராத்தா, மோதிரத்தைக் கழட்டணும். கை வீங்கினா கழட்ட ஏலா."

"அதை நான் கழட்டவே மாட்டன்."

"மறுகா வெட்டித்தான் எடுப்பாங்க."

ராத்தா உடனே விரலை நீட்டினாள். முஸ்பிறா துணி அசையாமல் மோதிரத்தைக் கழற்றித் தன் விரலில் போட்டுப் பார்த்தாள். நாலு விரலிலும் அது தொளதொளத்தது. கடைசியில் பெருவிரலில் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

முஸ்பிறா பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலைக் காட்டினாள். அங்கே தடித்த மயிர்க்கொட்டிப் புழு ஒன்று ஒட்டிக் கிடப்பது போல ஒரு தழும்பு இருந்தது.

"போன வருசம் கடற்கரையில தகரத்தில விழுந்தனே, நினைவிருக்கா? ஏசுவாங்க எண்டு பயந்து நானே கோப்பித்தூள் வைச்சுக் கட்டிட்டுப் படுத்திட்டன். அடுத்த நாள் பின்னேரம்தான் உம்மா கண்டாங்க. டொக்டர் என்ன சொன்னார் தெரியுமா? நேத்தே வந்திருந்தா தையல் போட்டிருக்கலாம், இப்ப ஊத்தை உள்ளுக்குப் போயிட்டுது, தைக்க ஏலா எண்டு சொன்னார். ஒரு மாசம் மருந்து கட்டினாங்க. கோப்பித்தூளைக் கழுவி எடுக்கக்குள்ளதான் விழுந்ததை விடக் கூட நோகிச்சு."

"நீ ஆஸ்பத்திரியில கத்தின கத்தல் எனக்கு நல்லா நினைவிருக்கு."

"கத்தி முடிய டொக்டரிட்டக் கேட்டன். எந்தக் காயத்துக்கு வீட்டில பிளாஸ்டர் காணும், எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும் எண்டு. அவர் சொல்லித் தந்தார். திரும்பவும் விழுவன் எண்டு எனக்குத் தெரியும்தானே."

ராத்தாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது.

ஒலிபெருக்கியில் இகாமத் கேட்டது. முஸ்பிறா துணியின் ஒரு ஓரத்தை மெதுவாக உயர்த்தினாள்.

இரத்தம் குறைந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் ஊறி வந்தது. காயத்தின் இரண்டு ஓரங்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், சின்ன வாய் திறந்திருப்பது போலப் பிரிந்து நின்றன.

"பெருவிரலை மடக்குங்க பார்ப்பம்."

ராத்தா மடக்கினாள். நோவில் முகம் சுருங்கியது. ஆனால் விரல் மடங்கியது.

"கண்ணை மூடுங்க. இப்ப நான் எங்க தொட்டன்?"

"பெருவிரல் நுனியில."

"இப்ப?"

"சுண்டுவிரல். ஏன்கா விளையாடுறாய்?"

"விளையாடல்ல. விரல் மடங்குது, விறைக்கவும் இல்ல. அது நல்லம்." முஸ்பிறா துணியைத் திரும்ப வைத்து அழுத்தினாள். "ஆனா வாய் திறந்து கிடக்கு. பத்து நிமிசம் அமத்தியும் ரெத்தம் நிக்கல்ல. இதுக்குத் தையல் போடணும் ராத்தா. இண்டைக்கே போகணும்."

ராத்தா தலையை ஆட்டினாள். அவளுக்கு வேறொரு யோசனை தோன்றியிருந்தது.

"கேள். பின்னேரம் அதுக்கு மேல மருதோண்டியைத் தடிப்பாப் பூசுவம். கீழ காயம் கிடக்கிறது ஆருக்கும் தெரியாது. மருதோண்டி குளிர்ச்சிதானே. அதாலயே ஆறிரும்."

"மருதோண்டி திறந்த காயத்துக்குள்ள போகும். மறுகா கலியாணத்தண்டு உங்கட கை பழுத்து வீங்கி நிக்கும். அதைத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க."

ராத்தா அதை நினைத்துப் பார்த்தாள் போலும். துணியை இன்னும் இறுக்கி அழுத்தினாள்.

"நிலமெல்லாம் என்ன இது?"

வாசலில் றுஸ்தா சாச்சி நின்றார். கையில் நாடாச் சுருள். அவர் ராத்தாவைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், மேசையில் கிடந்த டின்னைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. நேராகத் தட்டுக்குப் போய்க் கோப்பித்தூள் போத்தலை எடுத்து மூடியைத் திறந்தார்.

முஸ்பிறா எழுந்து ராத்தாவுக்கு முன்னால் நின்றாள்.

"சாச்சி, வேணாம்."

"தள்ளு புள்ள. ஒரு பிடி வைச்சா டக்கெண்டு நிண்டுரும். நான் எத்தனை பேருக்கு வைச்சிருக்கன்."

"எனக்கும் வைச்சதுதான், சாச்சி. நான்தான் வைச்சன்." முஸ்பிறா மீண்டும் முழங்காலைக் காட்டினாள். "ராத்தாட கையும் இப்பிடி வரட்டுமா?"

சாச்சி அந்தத் தழும்பைப் பார்த்தார். போத்தலை வைத்திருந்த கை அப்படியே நின்றது.

"அப்ப என்ன செய்யிற?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"கலியாணப் பொண்ணு கேற்றைத் தாண்டப்படாது."

"சும்மா சுத்தத்தானே போகப்படாது சாச்சி? காயத்துக்கு மருந்து கட்டவும் போகப்படாதா?"

சாச்சி யோசித்தார். தன் சட்டத்தில் இப்படி ஒரு இடம் இருப்பதை அவர் இதுவரை கவனிக்கவில்லை. "உன்ட உம்மாக்கிட்டக் கேட்போம்" என்று போனை எடுத்தார்.

உம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வாப்பாவின் போனில் ஒரு பெண் வந்து, தொடர்பு கொள்ள முடியாது என்று மூன்று மொழியில் சொன்னாள்.

"உம்மாக்கள் வந்த பிறகு பார்ப்பம்" என்றார் சாச்சி. "மாமியாக்கள் வாற நேரத்தில பொண்ணு ஆஸ்பத்திரியில எண்டா, நான் அவங்கட முகத்தை எப்பிடிப் பார்க்கிற? பொண்ணைப் பார்த்துக்கொள்ள எண்டுதானே என்னை விட்டுட்டுப் போன."

"ஓம் தங்கச்சி" என்றாள் ராத்தாவும். "உம்மா வரட்டும்."

முஸ்பிறா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உம்மா எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. இறக்காமத்தில் சோறு தின்னாமல் ஒருவரையும் விடமாட்டார்கள். துணியின் நடுவே சிவப்பு வட்டம் பெரிதாகிக்கொண்டு வந்தது. ராத்தாவும் சாச்சியும் காயத்துக்குப் பயப்படவில்லை. மாமிக்குத்தான் பயந்தார்கள்.

"அப்ப மாமிக்கிட்டயே கேட்போம்" என்றாள்.

"என்ன?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

சாச்சியின் போன் மேசையில் இருந்தது. முஸ்பிறா அதை எடுத்து, மாமியின் பெயரை, சல்மா உம்மா என்று இருந்ததை, தேடி அழுத்தினாள். சாச்சி எட்டிப் பறிக்க வருவதற்குள் அந்தப் பக்கத்தில் குரல் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். சொல்லுங்க றுஸ்தா."

"வஅலைக்கும் ஸலாம் மாமி. நான் சாச்சி இல்ல. முஸ்பிறா."

"என்ன மகள், இந்த நேரத்தில?"

ராத்தா நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மாமி, ராத்தாட கையில கத்தி வெட்டிட்டுது. இடது கை. தையல் போட வேணும் போல இரிக்கி. உம்மா போனை எடுக்கல்ல. பின்னேரம் நீங்க மருதோண்டி வைக்க வாறதால ராத்தா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டு சொல்றா. நீங்க கோபிப்பீங்க எண்டு பயப்படுறா. கோபிப்பீங்களா மாமி?"

சாச்சி போனுக்குக் கை நீட்டினார். முஸ்பிறா மேசையைச் சுற்றி விலகிப் போனாள்.

"கோபிப்பன்" என்றார் மாமி. "இவ்வளவு நேரமும் வீட்டில வைச்சிருக்கிறதுக்குக் கோபிப்பன். விரல் மடங்குதா?"

"மடங்குது. விறைக்கவும் இல்ல. ஆனா ரெத்தம் நிக்குதில்ல. வாயும் திறந்து கிடக்கு."

"காயத்தில ஒண்டும் போடலதானே?"

"போட விடல்ல மாமி" என்றாள் முஸ்பிறா. சாச்சி கோப்பித்தூள் போத்தலைத் தட்டின் கடைசி மூலைக்குத் தள்ளி வைத்தார்.

"நல்ல வேலை. அவக்கிட்டச் சொல்லு, என்ட மகன் ஜெஸீமுக்கு ரெண்டு கையும் உள்ள பொண்ணு வேணுமாம் எண்டு. இப்பவே வெளிக்கிடுங்க. நானும் ஆஸ்பத்திரிக்கு வாறன்."

போன் நின்றது. ராத்தா முகத்தில் இருந்து கையை எடுத்தாள். சாச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான் அப்பவே நினைச்சன், ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் சரி எண்டு" என்றார்.

பக்கத்துத் தெருவில் இருந்து மீராமுகைதீன் காக்காவின் ஓட்டோ வந்தது. ஹபாயா போட்டு, முகமும் மூடி, ராத்தா ஏறி இருந்தாள். பக்கத்தில் சாச்சியும் அப்படியே இருந்தார்.

காக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டார். "இதில ஆர் கலியாணப் பொண்ணு?"

"சொல்லமாட்டம்" என்றாள் முஸ்பிறா.

"நான்தான்" என்றார் சாச்சி. காக்கா சிரித்த சிரிப்பில் ஓட்டோ ஒருமுறை நெளிந்தது. முகத்திரைக்குள் ராத்தாவும் சிரித்தாள் என்பது முஸ்பிறாவுக்குத் தெரிந்தது.

மாமி அவர்களுக்கு முன்பே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். உயரமான, கண்ணாடி போட்ட பெண். ராத்தாவின் தோளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். நடக்கும்போது அவரது பார்வை முஸ்பிறாவின் பெருவிரலில் நின்றது.

"இது நாங்க போட்ட மோதிரமெல்லோ? என்ட மகனுக்குப் பொண்ணை மாத்திட்டீங்களா?"

முஸ்பிறாவுக்கு வெட்கமாகிவிட்டது. "கை வீங்கும் எண்டு கழட்டினது மாமி."

"சரியான வேலை. நீயே வைச்சிரு. எனக்கிட்டத் தந்தா துலைச்சுப் போடுவன்."

காயத்துக்கு மருந்து கட்டும் அறையில் கேதீஸ்வரி மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் தாதி இருந்தார். துணியை எடுத்துப் பார்த்தார். பிறகு இன்னும் குனிந்து பார்த்தார்.

"கோப்பித்தூள் இல்ல, மஞ்சள் இல்ல, பற்பசையும் இல்ல" என்றார் ஆச்சரியமாக. "இண்டைக்குக் காலையில இருந்து எனக்கிட்ட வந்த காயமெல்லாம் கோப்பிக்கடை மாதிரித்தான் மணந்த. ஆர் இதைக் கழுவிக் கட்டின?"

சாச்சி ஒன்றும் தெரியாதவர் போல மேலே மின்விசிறியைப் பார்த்தார். ராத்தா முஸ்பிறாவைக் காட்டினாள்.

டொக்டர் வந்தார். இளம் பெண். முஸ்பிறா செய்தது போலவே விரலை மடக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்த்தார்.

"நரம்புக்கு ஒண்டும் ஆகல்ல. நல்ல நேரத்துக்கு வந்திட்டீங்க. நோகாம இருக்க விறைப்பூசி போட்டுத் தைச்சு விடுறன். கிருமி ஏறாம இருக்க ஏற்பூசியும் ஒண்டு போடணும்."

"ஊசியா?" ராத்தாவின் குரல் மிகச் சின்னதாக வந்தது.

மாமி அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். "என்னைப் பார். அந்தப் பக்கம் பார்க்காத. என்ன செய்யக்குள்ள வெட்டின?"

ராத்தா முஸ்பிறாவைப் பார்த்தாள். முஸ்பிறா நிலத்தைப் பார்த்தாள்.

"டின்பால் திறக்கக்குள்ள மாமி" என்றாள் ராத்தா மெதுவாக. "களவாத் தின்னப் போனன்."

மாமி குனிந்து அவளுடைய காதுக்குக் கிட்ட வந்தார்.

"எங்கட வீட்டிலயும் டின்பால் ஒரு நாளும் தங்காது" என்றார். "இவ்வளவு நாளும் ஜெஸீம்தான் திண்டு முடிக்கிறான் எண்டு எல்லாரும் நினைச்சிட்டிருக்கிறாங்க. அவன் இல்ல."

ராத்தாவுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் டொக்டர் ஊசியை நிறுத்தி, "சிரிக்கப்படாது, கை ஆடுது" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தையல் போட்டு முடியும்வரை ராத்தா அசையவில்லை. எத்தனையோ பேருக்குக் காயம் கட்டிய றுஸ்தா சாச்சிக்குத்தான் தலை சுற்றியது. மிஸ்ஸி அவருக்கு ஒரு கதிரை போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"கை நனையப்படாது. தையல் வெட்ட நாங்க சொல்ற நாளில வரணும்" என்றார் டொக்டர். "அதுக்கு முதல் சிவந்து வீங்கினா, காய்ச்சல் வந்தா, உடனே வாங்க."

"மருதோண்டி?" என்று கேட்டாள் ராத்தா.

"இந்தக் கையில வேணாம்."

ராத்தா தலையாட்டினாள். ஆனால் ஓட்டோவில் வீடு திரும்பும்போது வெள்ளைக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. உம்மா ஓடிவந்து ஏசி, அழுது, கட்டிப்பிடித்து முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து விரிப்பில் வைத்தார்கள். மருதோண்டி போடும் நிஸ்றா தன் கூம்புகளை வரிசையாக அடுக்கினாள்.

"நான் கீறி வைச்ச டிசைன் ரெண்டு கைக்கும் சேர்த்துத்தான்" என்றாள் நிஸ்றா. "பாதிப் பூ வலது கையில. மற்றப் பாதி இடது கையில. ரெண்டு கையையும் ஒண்டாச் சேர்த்தாத்தான் பூ முழுசா வரும். ஒரு கையில போட்டா அரைவாசியா நிக்குமே."

கூடியிருந்த பெண்கள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் "த்ச்" என்றார். ராத்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

முஸ்பிறா கூட்டத்துக்குள் புகுந்து போய் ராத்தாவின் இடது பக்கத்தில் இருந்தாள். தன் இடது கையை விரித்து, ராத்தாவின் வலது கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நிஸ்றா ராத்தா, பூவுட மற்றப் பாதி சின்னனா வந்தாப் பரவாயில்லையா?"

நிஸ்றா இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்தாள்.

மாமி கிண்ணத்தில் இருந்து ஒரு சொட்டு மருதோண்டியை எடுத்து, பிஸ்மி சொல்லி, ராத்தாவின் வலது உள்ளங்கையில் வைத்தார். இன்னொரு சொட்டு எடுத்து, முஸ்பிறாவின் இடது உள்ளங்கையில் வைத்தார். 'த்ச்' என்றவரே முதலில் கைதட்டினார்.

போட்டோவில் அந்தப் பூ முழுதாக விழுந்தது. ஒரு பக்க இதழ்கள் பெரிது. மற்றப் பக்க இதழ்கள் சிறிது. எல்லோரும் அதைத் தங்கள் போன்களில் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு இனிப்புத் தொதல் தட்டு வந்தது. ராத்தாவின் இடது கையில் கட்டு. வலது கையில் ஈர மருதோண்டி. முஸ்பிறாவின் இடது கையிலும் ஈர மருதோண்டி. இரண்டு பேருக்கும் சேர்த்து வேலை செய்யக்கூடிய கை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

ராத்தாவுக்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு என்று, தட்டு முடியும்வரை முஸ்பிறாவின் அந்தக் கை நன்றாகவே வேலை செய்தது.